மணியாச்சியில் வண்டி மாறியவர்கள்

மதுரையிலிருந்து தெற்கே இறங்கும் ரயில் பாதை கோவில்பட்டியையும் கடம்பூரையும் தாண்டி வந்து மணியாச்சியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நாரைக்கிணறு, கங்கைகொண்டான், தாழையூத்து வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறது. இன்னொன்று கைலாசபுரம், தட்டப்பாறை, மீளவிட்டான் வழியாகத் தூத்துக்குடிக்கு. இரண்டு கிளைகளும் ஏறத்தாழ ஒரே நீளம், முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். ஒரு முனையில் தாமிரபரணி, நெல்வயல், நெல்லையப்பர் கோயில், கலெக்டர் கச்சேரி. மறுமுனையில் உப்பளம், முத்துக்குளிப்பு, பஞ்சுப்பொதி, கொழும்புக் கப்பல். நடுவே, இரண்டின் சாயலும் ஒட்டாத கரிசல் காட்டில், பருத்தியையும் உடைமரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது இந்த நிலையம்.

பெரும்பாலான ரயில் நிலையங்கள் ஊரைத் தேடிப் போனவை. மணியாச்சி நிலையம் வந்த கதை வேறு. 1870களில் தண்டவாளம் போட்டவர்களுக்கு மதுரையைத் துறைமுகத்தோடு சேர்க்க வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகரை விட்டுவிடவும் முடியாது. எங்கே பிரித்தால் இரண்டுக்கும் பொதுவாக விழும் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்திருப்பார்கள். விரல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊரின் பெயர் நிலையத்துக்கு வந்துவிட்டது. 1876 ஜனவரி முதல் தேதி இரண்டு கிளைகளும் சேர்ந்தே திறக்கப்பட்டன. ஆகவே, மணியாச்சி பிறந்த நாளிலிருந்தே ஜங்ஷன்தான். ஊராக இருந்து வளர்ந்து ஜங்ஷன் ஆகும் பருவம் அதற்கு வாய்க்கவே இல்லை.

ரயிலுக்கு முன்பும் ஊருக்கு ஒரு சரித்திரம் உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சிரமமான சரித்திரம். மணியாச்சி ஒரு பாளையம். பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் அது கம்பெனியின் பக்கம் நின்றது. கோட்டை தரைமட்டமான பிறகு, பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களை விசுவாசமாக இருந்த பாளையக்காரர்களுக்குக் கம்பெனி பிரித்துக் கொடுத்தது. எட்டயபுரத்துக்கும் மேல்மாந்தைக்கும் கிடைத்தது போல மணியாச்சிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு அதிக தூரமில்லை. வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம்தான் இந்த ஊருக்குத் தாலுகா. பாரதி பிறந்த எட்டயபுரம் வடகிழக்கே. விசுவாசமும் கலகமும் இவ்வளவு நெருக்கமாக, வேலிக்கு வேலி ஒட்டிக் கிடக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம். பாளையத்தின் பெயர் ரயில் நிலையத்தின் பெயராக மாறியதும் அந்தப் பெயரிலிருந்து பழைய கணக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. இப்போது மணியாச்சி என்றதும் யாருக்கும் ஜமீன் நினைவுக்கு வருவதில்லை.

பாதை பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே அதில் ஒரு பெரிய இடத்துப் பயணி போய்விட்டார். 1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர், கொழும்பிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கி ரயில் ஏறினார். மணியாச்சியில் அவரை வரவேற்கத் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவர்கள் திரண்டிருந்தார்கள். முன்னால் நின்றவர்கள் கால்டுவெல்லும் சார்ஜென்டும். இருவருமே இரண்டு வருடம் கழித்துப் பிஷப் ஆனவர்கள். வரவேற்புப் பத்திரம் வாசித்தார்கள், தமிழ்ப் பாட்டுப் பாடினார்கள். இடையன்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பனங்காட்டுக்குள் இருந்த சபைகளுக்கு இளவரசரைப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது. திருநெல்வேலிக்கு அவர் வரப்போவதில்லை. வண்டி எங்கே நிற்குமோ அங்கே போய் நிற்க வேண்டியதுதான். ஆட்சியும் அதன் குடிகளும் சந்தித்துக்கொள்ள ஒரு ஜங்ஷன் பிளாட்பாரம் போதும் என்பதை மணியாச்சி தன் பிறப்புக்கு முன்பே காட்டிவிட்டது. அந்த இளவரசர்தான் பிற்பாடு ஏழாம் எட்வர்டு. அவருடைய மகன் ஐந்தாம் ஜார்ஜ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச தூரம் போனதும் தேவைப்படும்.

தூத்துக்குடிக் கிளையின் உயிர் போட் மெயில். சென்னையில் ஏறினால் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். தூத்துக்குடிக் கடல் அப்போது ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சிறு படகில் போய்த்தான் ஏற வேண்டும். தோட்டத் துரைமார், கொழும்பில் கடை வைத்திருந்த செட்டியார்கள், பாதிரிமார், உத்தியோகஸ்தர் எல்லோரும் இந்த வழியாகத்தான் போனார்கள், வந்தார்கள்.

அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் போனவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டிக் கூட்டிப் போகப்பட்டவர்கள். கங்காணி முன்னால், குடும்பங்கள் பின்னால். மணியாச்சியைத் தாண்டியதும் தட்டப்பாறையில் இலங்கை அரசாங்கத்தின் முகாம் இருந்தது. பிளேக் பயம் இருந்த காலம் அது. கொள்ளை நோய் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று தொழிலாளர்களை அங்கே நாள்கணக்கில் நிறுத்திவைத்து, சோதித்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1900களின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் பொறித்த சிறு தகர வில்லை. ஆளின் வழிச்செலவை அரசாங்கம் முன்பணமாகப் போட்டுவிட்டு அந்த எண்ணை வைத்துத் தோட்டத்திடம் வசூல் செய்துகொள்ளும். ரயிலில் பயணி கையில் அட்டை டிக்கெட் இருக்கும், அதில் அவன் போகும் ஊர் இருக்கும். தகரத் துண்டில் இருந்தது அவனுக்கு உரியவர் யார் என்ற விவரம். ஒரே வண்டியில் ஒரே பாதையில் போன இரண்டு வகைப் பயணம். மணியாச்சியின் சரித்திரத்தை யாராவது உட்கார்ந்து எழுதினால் இந்தத் தகரத் துண்டுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் யாரும் அங்கிருந்து தொடங்குவதில்லை. தொடங்க விடாமல் ஒரு துப்பாக்கிச் சத்தம் குறுக்கே நிற்கிறது.

அந்தச் சத்தத்துக்குப் போகும் வழியும் போட் மெயில் பாதைதான். ரயில் பயணியைக் கரை வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. கரைக்கு அப்பால் அவனை யார் கொண்டுபோவது? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிதான் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். மறு வருடமே காலியோ, லாவோ என்ற கப்பல்கள் வந்துவிட்டன. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, கடைசியில் சும்மா வந்தாலும் போதும், குடை ஒன்று இனாம் என்றதாக நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். தண்டவாளம் முடிகிற இடத்தில் தொடங்கிய சண்டை அது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரமும் துப்பாக்கிச் சூட்டில் நான்கு சாவும், ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த இரட்டை ஆயுள் தண்டனை. அப்போது தூத்துக்குடியில் சப் கலெக்டராக இருந்தவர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ். அயர்லாந்துக்காரர்; பிறந்த வருடம் 1872. வ.உ.சி. பிறந்ததும் அதே வருடம்தான். 1911இல் ஆஷ் திருநெல்வேலிக் கலெக்டர். வ.உ.சி. சிறையில்.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷும் மனைவி மேரியும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார்கள். பிள்ளைகள் நால்வரும் அங்கே இருந்தார்கள். திருநெல்வேலியில் ஏறினால் மணியாச்சி. அங்கே தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயில். கொடைக்கானல் ரோட்டில் இறங்கினால் அதற்கு மேல் மலை. அவர்கள் வண்டி காலை 10.35க்கு மணியாச்சி வந்து சேர்ந்தது. போட் மெயில் வர வேண்டிய நேரம் 10.48. நடுவில் பதின்மூன்று நிமிடம். முதல் வகுப்புப் பெட்டியில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேட்டியும் குடுமியுமாக ஒருவர், கூடவே இன்னொரு இளைஞர், பெட்டியை நெருங்கினார்கள். குடுமிக்காரர் பெட்டியில் ஏறி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு இறங்கி ஓடி, பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் புகுந்து, துப்பாக்கியைத் தன் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். வாஞ்சிநாத ஐயர், வயது இருபத்தைந்து. கூட வந்த மாடசாமி தப்பி ஓடினார். அவரைப் போலீஸ் கடைசி வரை பிடிக்கவே இல்லை.

ஆனி மாதம். தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கிச் சத்தம் காற்றில் அமுங்கிப்போனது என்று குறிப்புகள் சொல்கின்றன. இந்தப் பக்கத்து ஆனி ஆடிக் காற்றை வாங்கியவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது. ஆளைத் தள்ளும் காற்று. இப்போது கயத்தாற்றைச் சுற்றி அந்தக் காற்றை நம்பித்தான் காற்றாலைகள் முளைத்திருக்கின்றன.

இந்தக் கொலையைப் பற்றி எழுதப்பட்டவை நிறைய. அரசியல் பக்கம் அலசியாகிவிட்டது, வழக்கு விவரம் வெளியாகிவிட்டது, ஆ. இரா. வேங்கடாசலபதி ஆஷின் சந்ததியைத் தேடி அயர்லாந்து வரைக்கும் போய்வந்துவிட்டார். என் மனம் நிற்பது கால அட்டவணையில். கலெக்டரைக் கச்சேரியில் சுடுவது கடினம், பங்களாவில் இன்னும் கடினம். சேவகர், காவல், மனுதாரர் கூட்டம். ஆனால் எவ்வளவு பெரிய துரையானாலும் ஜங்ஷனில் இணைப்பு வண்டிக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் அவர் அதிகாரி இல்லை, பயணி. அவர் எங்கே, எந்தப் பெட்டியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை உட்கார்ந்திருப்பார் என்பதை அரசாங்கமே அச்சடித்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நேரம் தவறாத வண்டிகள் தங்கள் ஆட்சியின் சாதனை என்று பெருமைப்பட்டவர்கள் அந்த ஆட்சியாளர்கள். அந்தச் சாதனையை வாஞ்சி முழுமையாக நம்பினார்.

வாஞ்சி வளர்ந்த உலகமும் ரயில் பாதை ஓரத்தில்தான் இருந்தது. ஊர் செங்கோட்டை. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து ரயில் செங்கோட்டைக்கு வந்தது 1903இல், மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லத்தோடு இணைந்தது 1904இல். புனலூரில் காட்டு இலாகாவில் வாஞ்சிக்கு வேலை. மலைக்கு அந்தப் பக்கம் உத்தியோகம், இந்தப் பக்கம் வீடு, இன்னும் கிழக்கே போனால் ரகசியக் கூட்டங்கள். அந்தக் கூட்டங்களுக்கு நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்ததும் ரயில் இல்லாமல் நடந்திருக்காது. சாம்ராஜ்யம் தன் பஞ்சையும் தபாலையும் பட்டாளத்தையும் கொண்டுபோகப் போட்ட பாதையில் அதன் எதிரிகளும் டிக்கெட் எடுத்து ஏறினார்கள். டிக்கெட் கொடுப்பவர் எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லையே.

சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தவிர்த்துவிட்டு வாஞ்சியைப் பேச முடியாது. அதில் வெளிப்படுவது சுதந்திர ஆவேசம் மட்டும் என்று சொன்னால் பாதியை மறைத்ததாகும். ஐந்தே நாளில், ஜூன் 22 அன்று, லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜின் மேல் கோபம் அதில் இருக்கிறது. மணியாச்சியில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போன இளவரசரின் அதே மகன். அந்தக் கோபம் சனாதன தர்மத்தின் மொழியில் இருக்கிறது, மாட்டிறைச்சி தின்னும் அந்நியன் என்ற அருவருப்பாக இருக்கிறது. தலித் எழுத்தாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பியபோது பலர் கோபப்பட்டார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்ட காலத்தில், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று ஊருக்குள் கோடு போட்டிருந்த சமூகம், மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பலகையில் தோளோடு தோள் உரசி உட்கார வேண்டியிருந்தது. ரயிலை அந்தச் சமூகம் வேண்டவும் வேண்டியது, அஞ்சவும் அஞ்சியது. வாஞ்சியைத் தியாகி என்று மட்டும் சொல்கிறவர்களும் வருணாசிரமக்காரர் என்று மட்டும் சொல்கிறவர்களும் ஆளைப் பாதி பாதியாகக் கொண்டுபோகிறார்கள். எனக்கு அவர் இரண்டுமாகத்தான் தெரிகிறார். இருபத்தைந்து வயதில், தன்னையே கொன்றுகொள்ளத் தயாராக, அந்தக் காற்றில் நின்றுகொண்டிருந்த ஒருவர்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம். அதே 1911இல் சுதேசிக் கப்பல் கம்பெனியும் கலைக்கப்பட்டது.

மூன்று வருடம் கழிந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தார்கள். போட் மெயில் மதுரையிலிருந்து கிழக்கே திரும்பி ராமேசுவரம் தீவைக் கடந்து தனுஷ்கோடிக்குப் போகத் தொடங்கியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் குறுகிய கடல். தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவு முழுக்கக் கப்பலில் ஆடிக்கொண்டு போக வேண்டியதில்லை. தொழிலாளர் முகாமும் தட்டப்பாறையை விட்டு மண்டபத்துக்குப் போனது. ஆஷ் எந்த வண்டிக்காகக் காத்திருந்தாரோ அந்த வண்டி மணியாச்சிக்கு வருவதே நின்றுவிட்டது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன கதையை எல்லோரும் எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான்; கடல் கொண்ட ஊருக்கு இருக்கும் சோகம், தடம் மாற்றிய ஜங்ஷனுக்குக் கிடையாது. மணியாச்சியை எந்தப் புயலும் அடிக்கவில்லை. கொழும்பு அதன் கால அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். தூத்துக்குடி பஞ்சும் உப்பும் அனுப்பிக்கொண்டிருந்தது, திருநெல்வேலி மனிதர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஜங்ஷன் பிழைத்துக்கொண்டது.

என் தலைமுறைக்குத் தெரிந்த மணியாச்சி, கிராசிங்குகளின் மணியாச்சி. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளில் ஒன்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் கருவியிலிருந்து வெளியே வரும்; அந்தப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்துப் பொத்தானை அழுத்தினால்தான் இந்தப் பக்கத்து மாஸ்டரால் அதை எடுக்கவே முடியும். டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. நிற்காமல் போகும் வண்டிக்கு அதைத் தோல்பையில் போட்டுப் பெரிய பிரம்பு வளையத்தில் கோத்து பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிப்பார். எஞ்சினிலிருந்து சாய்ந்து ஒரு கை வளையத்தைக் கவ்விக்கொள்ளும், பழைய வளையம் பிளாட்பாரத்தில் உருண்டு ஓடும். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் அதைப் பார்க்கவே சின்னப் பையன்கள் ஜன்னலை விடமாட்டார்கள். நூறு பேரின் உயிர் ஓர் உலோகத் துண்டில் அடங்கியிருக்கிறது என்பது அப்போது புரியாது. ‘கிராசிங்ல போட்டுட்டான்’ என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டால் எங்களுக்குக் கொண்டாட்டம், கீழே இறங்கலாம்.

திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நேராகப் போகிறவர்களுக்கு மணியாச்சி தந்த வேடிக்கை தனி. இரண்டு கிளையும் தெற்கே பார்த்துப் பிரிவதால், ஒன்றிலிருந்து வந்து மற்றதற்குப் போக வண்டி திசை திரும்ப வேண்டும். எஞ்சின் முன்னாலிருந்து கழன்று, அடுத்த தடத்தில் தனியாக ஓடி, பின்னால் வந்து மாட்டிக்கொள்ளும். எதிர்க்காற்று வாங்க ஆசைப்பட்டு ஜன்னலோரம் பிடித்தவர்கள் அதற்குப் பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். விவரம் தெரிந்தவர்கள் தாழையூத்திலேயே எதிர்ப்பலகையில் துண்டு போட்டுவைத்திருப்பார்கள்.

1990களில் மீட்டர் பாதை அகலப் பாதையானது. அதற்குப் பின்னும் பல வருடம் மணியாச்சி தன் பழைய தொழிலை விடவில்லை. சென்னையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்கென்று தனியாகப் பெட்டிகள் இருந்தன. மணியாச்சியில் அவற்றைக் கழற்றி வேறொரு எஞ்சினில் கோத்து அனுப்புவார்கள். பகல் முழுக்க ஓடி அலுத்த வண்டி அது. கடம்பூரில் போளி வாங்கித் தின்று முடித்த கையோடு பெட்டிகளுக்குள் ஒரு பரபரப்பு எழும். முன்பதிவு இல்லாமல் விருதுநகரிலும் சாத்தூரிலும் ஏறியவர்கள் எந்தப் பெட்டியில் ஏறினோம் என்று கவனித்திருக்கமாட்டார்கள்.

“அண்ணாச்சி, இது தூத்துக்குடிப் பெட்டிதானே?”

“இல்லப்பா, இது நாரோலு போற வண்டில்லா. இறங்கிப் பின்னால ஓடு, கழட்டிறப் போறான்.”

ஒருவர் ஓட, அவர் மனைவி பையோடு ஓட, பின்னாலேயே வேறு நாலு பேர், ஓடினால்தான் சரி போலிருக்கிறது என்று, தாங்கள் இருந்த சரியான பெட்டியை விட்டு இறங்கி ஓடுவார்கள். பெட்டிகள் பிரியும்போது ஓர் உலுக்கல். விளக்கு அணைந்து, மறுபடி எரியும். அதுவரை ஒரே வண்டியில் அரசியலும் மகள் கல்யாணமும் பேசிக்கொண்டு வந்தவர்கள் இப்போது வெவ்வேறு திசையில் போகும் இரண்டு வண்டிகளின் பயணிகள். விடைபெற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஜங்ஷன் என்ற அமைப்பின் முழு விளக்கமும் அந்த ஓர் உலுக்கலில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பெயர்ப்பலகையில் இன்று இருப்பது ‘வாஞ்சி மணியாச்சி’. விடுதலைக்குப் பின் பல பத்தாண்டுகள் கழித்து வைத்த பெயர். வைத்தது சரிதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெயர் வைப்பதென்பது மற்றவற்றை மறக்கச் செய்யும் வேலையும்கூட. ஆஷுக்குப் பாளையங்கோட்டையில் கல்லறை இருக்கிறது, தூத்துக்குடியில் நினைவு மண்டபம் இருக்கிறது. வாஞ்சிக்குச் செங்கோட்டையில் சிலை, மணிமண்டபம், இங்கே பலகை. தகரத் துண்டோடு போனவர்களுக்கு இந்தப் பாதையில் எந்த அடையாளமும் என் கண்ணில் பட்டதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர், 1964இன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னார் வழியாகத் திரும்பி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தாத்தா போன வழியில்கூட அவர்களால் திரும்ப முடியவில்லை. தட்டப்பாறை இன்று ஜன்னல் வழியாகக் கடந்து போகும் ஒரு பெயர்.

வேடிக்கை என்னவென்றால், பலகையில் ஏறிய பெயர் வாயில் ஏறவில்லை. டிக்கெட் கேட்கிறவர்கள் இன்றும் மணியாச்சி என்றுதான் கேட்கிறார்கள். ரயில்வேயின் சுருக்கக் குறியீடும் பழைய எம்.இ.ஜே.தான், வாஞ்சிக்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை.

மின்கம்பி வந்துவிட்டது. 2020களில் இரட்டைப் பாதையும் முடிந்தது. கிராசிங் என்ற சொல்லே அடுத்த தலைமுறைக்குத் தேவைப்படாது. 2023 செப்டம்பரிலிருந்து சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் ஓடும் வந்தே பாரத் மணியாச்சியில் நிற்பதில்லை. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. நிற்காமல் போவதற்காகவே உண்டான வண்டி அது. காத்திருத்தலை ஒழிப்பதுதான் ரயில்வேயின் முன்னேற்றம் என்றால், காத்திருத்தலுக்காகவே கட்டப்பட்ட நிலையத்தை என்ன செய்வது என்று யோசித்துப் பார்க்கிறேன். கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான். தூத்துக்குடிக்குப் போகும் முத்துநகரும் குமரிப் பக்கம் போகும் வண்டிகளும் இங்கே வந்து பிரிந்துதான் ஆக வேண்டும், தண்டவாளத்தின் அமைப்பு அப்படி.

குருவாயூர் வண்டியில் தூத்துக்குடிப் பெட்டிகள் இப்போது இல்லை. அதில் வந்து இறங்குகிறவர்களுக்காக மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு இணைப்பு வண்டி ஒன்று விடுகிறார்கள். போன முறை நான் அதில் உட்கார்ந்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து முன்னதாகவே வந்து ஏறியிருந்தவர்களால் பெட்டி பாதி நிறைந்திருந்தது. மெட்ராஸ் வண்டி கொஞ்சம் தாமதம். எதிர்ப்பலகையில் இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் புதியவர்கள்.

“யக்கா, இது எப்பம் எடுப்பான்?”

“மெட்ராஸ் வண்டி வரணும்லா. அந்த ஆளுங்களை ஏத்தாம எப்படி எடுப்பான்?”

“அதுவரைக்கும் நிப்பான்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலம்மா. இந்தா, இன்னும் நிக்கில்லா.”